அசையாமல் மலையேறிய ஜீப்

அடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் பொய்ப்பல் செட்டு இப்போதே தொண்டையில் சிக்கட்டும்!

ஊமத்தம்பட்டி வெள்ளியப்பனுக்குக் கரடிமேட்டில் கல்யாணம். மலைமேலே ஊர், பாதையெல்லாம் பாறை. பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "முகூர்த்தம் தப்புச்சுன்னா, அத்தை மகன் பட்டுவேட்டியோட தயாரா இருக்கான்." அன்று முதல் வெள்ளியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுக் காசிம் பாய் தன் நாலு சக்கர இழுவை ஜீப்பைக் கொடுத்தார். பல் பிடுங்கியிருந்ததால் அவர் வரவில்லை. வீங்கிய கன்னத்தோடு யோசனை மட்டும் சொன்னார்: "கனமானதை அடியில வை. லேசானதை மேல வை. ஆடுறது, அசையறது ஒண்ணு விடாம இறுக்கிக் கட்டு. இல்லேன்னா வண்டி கவுந்துடும்."

தாய்மாமா இராசகண்ணு பொறுப்பேற்றார்.

"இருக்கறதுலயே கனமானது எது மாப்ளே?"

"அம்மிக்கல்லு மாமா."

"அதை ஒத்தையாளாத் தூக்கிட்டேன். உங்க பெரியப்பாவை மூணு பேர் சேர்ந்தும் தூக்க முடியலையே!"

நியாயம்தானே? ஜீப்பின் தரையில் பெரியப்பாவைப் படுக்க வைத்தார்கள். அவர்மேல் அண்டா, அதன்மேல் வாழைத்தார், உச்சியில் அப்பளக்கட்டு.

"டேய், மூச்சு முட்டுதுடா!"

"பேசாதீங்க பெரியப்பா, அப்பளம் அசையுது."

அடுத்து கட்டும் வேலை. ஸ்டியரிங் ஆடியது, கட்டினார்கள். கியர் குச்சி ஆடியது. நடுவில் நிறுத்திக் கட்டினார்கள். பாரம் தாங்காமல் ஜீப் லேசாக உருண்டது.

"ஐயோ மாமா, சக்கரம் அசையுது!"

"நல்லவேளை பார்த்தே!" என்று மாமா நாலு சக்கரத்தையும் தேர்வடத்தால் கட்டினார். பயத்தில் வெள்ளியப்பனின் முழங்கால் ஆடியது. அதையும் சேர்த்துக் கட்டினார்.

மாமா சாவியைத் திருகினார். எஞ்சின் உறுமியது. எதுவும் கடகடக்கவில்லை.

"பார்த்தியா ஓட்டத்தை! தண்ணி தளும்பலை!"

வெகுநேரம் ஆயிற்று. வெள்ளியப்பனுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"மாமா, அந்த வேப்பமரம் கூடவே வருதே?"

"அதையும் யாரோ நல்லாக் கட்டியிருக்காங்க."

"காசிம் பாயும் ஜன்னல்ல நிக்கறாரு!"

"பத்திரிகை வெச்சோமே, வராம இருப்பாரா?"

கடைசியில் டீசல் தீர்ந்து எஞ்சின் நின்றது. "வந்தாச்சு, இறங்கு" என்றார் மாமா.

கட்டவிழ்த்து இறங்கிய வெள்ளியப்பன் திகைத்தான். "நம்ம வீடு மாதிரியே இருக்கே?"

"மாப்ளைக்கு வித்தியாசமாத் தெரியக்கூடாதுன்னு கட்டியிருக்காங்க. பெரிய மனுஷங்கடா!"

ஆனால் பந்தலும் இல்லை, பெண்ணும் இல்லை. வெள்ளியப்பனுக்கு அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளையைக் காணோமே என்று தேடிக்கொண்டு பெண் வீட்டார் நடந்தே மலையிறங்கி வந்து சேர்ந்தார்கள். கையோடு தாலி, மணக்கோலத்தில் பெண் தவமணி, பின்னால் ஸ்டெப்னி டயர் மாதிரி அத்தை மகன்.

பெண்ணின் அப்பா வாய் திறக்குமுன் மாமா பாய்ந்தார். "நாங்க எந்நேரம் வந்து காத்துக் கிடக்கோம்! நீங்க இப்பத்தான் ஆடி அசைஞ்சு வர்றீங்களா?"

பெண்ணின் அப்பா ஜீப்பைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தலைகுனிந்தார். "தப்புதான் சம்பந்தி. நடந்து வந்ததுல தாமதமாயிருச்சு. இன்னும் கொஞ்சம் முகூர்த்தம் இருக்கு, மன்னிச்சுக்கணும்."

அங்கேயே தாலி கட்டியாயிற்று. பிறகு பெண்ணை அழைத்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டுமே! ஜீப்பில் ஏறி, எல்லாவற்றையும் மறுபடி கட்டினார்கள்.

"டீசல் இல்லையே மாமா?"

"இறக்கம்தானேடா, எதுக்கு டீசல்?"

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். வீடு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். தவமணி மட்டும் மலை வளைவுகளில் தலைசுற்றி, வழிநெடுக எலுமிச்சம்பழம் மோந்துகொண்டே வந்தாள்.

யார் சொன்னது என்று கேட்டால், காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். கனமானதை அடியில் வைக்கச் சொன்னேன் என்று பெரியப்பா இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறார்.