இன்னும் காயல

குருன்னு சொன்ன உடனே உங்க கண்ணு தாடியத் தேடுது பாருங்க.

இந்தக் கதையில தாடி கெடையாது. ஸ்பிரிட்டும் அடுப்பும் பக்கத்துப் பக்கத்துல இருக்கற எடத்துல தாடி வெச்சா பத்திக்கும். ஆத்தங்கரை கெடையாது, ஆலமரம் கெடையாது. நாமக்கல் பக்கம் ஒரு பார்மசி காலேஜு. அதுல நீளமா ஒரு லேப்.

சிஷ்யன்னா பதினாறு வயசு, மொட்டத் தலைன்னு நினைச்சுட்டு உக்காந்திருப்பீங்க. நம்ம சிஷ்யனுக்கு நாப்பத்தி நாலு வயசு.

தலை மட்டும் நீங்க நினைச்ச மாதிரிதான்.

குருவுக்கு முப்பத்தி ஒண்ணு. ஜெசிந்தா மேடம்.

கடைசியில தத்துவம் ஒண்ணு வரும், குறிச்சு வெச்சுக்கலாம்னு பேனாவ எடுத்தவங்க, மூடிய மாட்டி உள்ள வைங்க. அன்னைக்கு அந்த லேப்புல விஷயத்தச் சொன்னது குருவே இல்ல.

*

"மேடம், இந்த எம்.பார்ம் படிச்சா என்ன வேலை கெடைக்கும்?"

தணிகாசலம் இதக் கேட்டது படிப்பு முடியப் போற மாசத்துல. சேர்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி. அப்பக் கேக்கல.

"என்ன வேலை வேணும்?"

"அதத்தான் மேடம் உங்களக் கேக்கறேன்."

"நானா போகப் போறேன்?"

அவ்வளவுதான். மேடம் அடுத்த டேபிளுக்குப் போயிட்டாங்க. மேடம் மாதிரி பேசிக் காட்டறது ரொம்பச் சுலபம். வாய மூடிக்கிட்டு நின்னா பாதி வந்துரும்.

தணிகாசலம் மாதிரி பேசிக் காட்டறதுக்குத்தான் தொண்டை வேணும். சேலம், நாமக்கல், ஈரோடுன்னு பதினாறு வருஷம் மெடிக்கல் ரெப்பா அலைஞ்ச மனுஷன். கழுத்துல டை, கையில கனமான பை, வாயில தேனு.

"குட் மார்னிங் டாக்டர்! ஒரே ஒரு நிமிஷம் டாக்டர்!"

அந்த ஒரு நிமிஷத்துல மாத்திரை பேரு, மாத்திரை பெருமை, டாக்டர் பையன் படிப்பு, டாக்டரம்மா முழங்கால் வலி, எல்லாம் வந்து போயிரும்.

அந்த மனுஷன் ஒரு நாள் பையக் கீழ வெச்சாரு. பார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரியில எம்.பார்ம் சேந்துட்டாரு. ஏன்னு கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொன்னாரு. கேட்டவங்க நாலு பேரு கூடி உக்காந்தா நாலும் வேற வேற பதிலா இருக்கும்.

மொத நாள் கிளாசுக்குள்ள நுழைஞ்சாரு. புள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு நின்னு, "குட் மார்னிங் சார்!"

இவரும் பழக்க தோஷத்துல, "உக்காருங்க, உக்காருங்க."

பின்னாடியே ஜெசிந்தா மேடம் வந்தாங்க. ஒருத்தரும் எந்திரிக்கல.

"சார், நீங்க?"

"உங்க ஸ்டூடண்ட் மேடம்."

அன்னையிலேருந்து மேடம் இவர சாருங்கறாங்க, இவரு அவங்கள மேடம்ங்கறாரு. புதுசா வர்றவங்க இவர்கிட்டத்தான் லீவு கேப்பாங்க.

*

மொத வருஷம் இவருக்கு ஒண்ணுமே கிரிஸ்டல் ஆகல.

சூடான கரைசல் தன்னால ஆறணும். ஆற ஆறத்தான் உள்ள ஊசி ஊசியா வெள்ளையா எறங்கும். இவருக்குப் பொறுக்காது. எடுத்து ஆட்டுவாரு. வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாரு. "வா கண்ணு, வா"ன்னு அதுகிட்டயும் ரெப் கொரல்ல பேசுவாரு.

ஒரு நாள் மேடம் வந்து குடுவையிலேருந்து அவரு கையப் புடிச்சு எடுத்து விட்டாங்க. பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டாங்க. போயிட்டாங்க.

அன்னைக்குச் சும்மா உக்காந்தாரு. எதுவும் பேசல.

எறங்குச்சு.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் சம்சாரம் அமுதவல்லிகிட்ட அத ஒண்ணு விடாமச் சொன்னாரு. அந்தம்மா கீரை ஆஞ்சுக்கிட்டே கேட்டுச்சு. மறுநாள், இன்னைக்கு என்ன ஆச்சுன்னு தானா கேட்டுச்சு.

*

இப்ப நம்ம நாளுக்கு வருவோம்.

ஹைதராபாத்துல ஒரு மருந்து கம்பெனி. தணிகாசலத்த நேர்ல பாத்துட்டாங்க, புடிச்சுப் போச்சு. ரெண்டு வேலை காலியா இருக்கு.

ஒண்ணு, ஆராய்ச்சி லேப்புல கெமிஸ்ட்டு. குடுவை, தராசு, கோட்டு. புதுசா வர்ற பசங்களுக்குக் குடுக்கற சம்பளம்.

இன்னொண்ணு, மேனேஜர். கம்பெனி மருந்தப் பத்தி வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பேசணும். ரெண்டு மடங்கு சம்பளம், காரு.

கைட்ங்கற முறையில ஜெசிந்தா மேடம் ஒரு வேலைக்குத்தான் சிபாரிசு பண்ண முடியும். மூணு மணிக்கு ஃபோன் வரும். அதுல சொல்லிரணும்.

காலையிலயே தணிகாசலம் வந்துட்டாரு. ஒரு கையில கண்ணாடித் தட்டு. அதுல அவரு வடிகட்டி எடுத்த மருந்துப் பொடி, ரெண்டு வருஷ உழைப்பு, வெள்ளை வெளேர்னு.

"மேடம், கணக்குப்படி முழுசா வந்தாலே பத்து கிராம்தான். நான் ஒம்போது புள்ளி ஆறு எடுத்திருக்கேன்!"

மேடம் சின்னக் கரண்டியால கிளறினாங்க. பொடி கரண்டியிலயே ஒட்டிக்கிச்சு.

"காயல."

"பாத்தா காஞ்ச மாதிரிதானே மேடம் இருக்கு?"

மேடம் ஓவனக் காட்டினாங்க.

தண்ணியும் சேத்து எடை போட்டா எல்லாரும் கெட்டிக்காரங்கதான். அதனால அங்க ஒரு வழக்கம். ஓவன்ல காய வெச்சு, ஆற வெச்சு, எடை போடணும். மறுபடி காய வெச்சு, மறுபடி எடை. ரெண்டு தடவை ஒரே எடை நின்னாத்தான் காஞ்சதுன்னு கணக்கு. அப்பத்தான் நோட்டுல ஏறும்.

தட்டு உள்ள போச்சு.

"அந்த ஃபோன் விஷயம் மேடம். மேனேஜர்னு சொல்லிருங்க."

"ஏன்?"

ரெப்பப் பாத்து ஏன்னு கேக்கலாமா? தணிகாசலம் தொண்டையக் கனைச்சாரு. இல்லாத டைய நேராக்கினாரு.

"மேடம், இந்தப் படிப்பு எத்தனை கதவத் தொறக்குதுன்னு பாருங்க. புது மருந்து கண்டுபுடிக்கப் போலாம். மருந்து தரமா இருக்கான்னு சோதிக்கப் போலாம். வெளிநாட்டுல விக்கறதுக்கு அனுமதி வாங்கற பிரிவு இருக்கு, அதுக்குப் போலாம். பரீட்சை எழுதினா டிரக் இன்ஸ்பெக்டர். பேட்டன்ட் வேலை இருக்கு. பிஎச்.டி. முடிச்சா உங்க நாற்காலிக்கே வரலாம்!"

"அதுக்கு ஒரு கால் ஆடும்."

"இத்தனையும் விட்டுட்டு நான் ஏன் மேனேஜர்ங்கறேன்? நாட்டுக்கு உழைக்கணும் மேடம். நல்ல மருந்து கடைசி மனுஷன் வரைக்கும் போய்ச் சேரணும்!"

பக்கத்து டேபிள் புள்ளை ஒண்ணு கை தட்டிருச்சு.

மேடம் தட்ட எடுத்து, ஆற வெச்சு, தராசுல வெச்சாங்க. எட்டு புள்ளி ஒண்ணு.

"கொறைஞ்சிருச்சு மேடம்!"

"ம்."

"எங்க போச்சு?"

"அது உங்களோடது இல்ல சார்."

தட்டு மறுபடி உள்ள போச்சு.

*

அந்த நேரத்துலதான் அமுதவல்லி வந்தாங்க. பால் சொசைட்டி ஆபீசுல அரை நாள் லீவு போட்டுட்டு, கையில டிபன் கேரியரோட.

"ஃபோன் வந்துருச்சுங்களா டீச்சரம்மா?"

"மூணு மணிக்கும்மா. கேரியர் வெளிய இருக்கட்டும். கண்ணுக்கு இதப் போட்டுக்கிட்டா நீங்க உள்ள உக்காரலாம்."

அமுதவல்லி பட்டுப்பொடவையில, மூக்கு மேல பெரிய பிளாஸ்டிக் கண்ணாடியோட, கதவோரம் ஸ்டூல்ல உக்காந்தாங்க. கல்யாண வீட்டுல வெல்டிங் வேலைக்கு வந்த மாதிரி.

தணிகாசலம் கொரலக் கொறைச்சாரு.

"உண்மையச் சொல்றேன் மேடம். சம்பளம். காரு. எங்க மச்சான் இருக்காரு, அமுதாவோட அண்ணன். 'என்ன மாப்ளே, ரேங்க் கார்டுல நான் கையெழுத்துப் போடணுமா?'ங்கறாரு. பந்தியில வெச்சுக் கேக்கறாரு மேடம். அவரு வாசல்ல ஒரு நாள் காரக் கொண்டு போய் நிறுத்தணும். ஹாரன் கூட அடிக்க மாட்டேன். நிறுத்தணும், அவ்வளவுதான்."

"நாடு?"

"நாடு... இருக்கட்டும் மேடம்."

ஏழரை கிராம்.

"இன்னும் காயல," அப்படின்னாங்க மேடம். தராசப் பாத்துத்தான் சொன்னாங்க. ஆனா தணிகாசலத்துக்கு யாரோ சட்டைப் பொத்தானப் புடிச்சுத் திருகற மாதிரி இருந்துச்சு.

தட்டு உள்ள போச்சு.

சாப்பிட வராண்டாவுக்குப் போனாங்க. தயிர்சாதம், மாவடு. மேடத்துக்கும் ஒரு கிண்ணம். அமுதவல்லி கண்ணாடியக் கழட்ட மறந்து அப்படியே பரிமாறினாங்க. அவங்க கை கழுவப் போன நேரம் பாத்து தணிகாசலம் குனிஞ்சாரு.

"அவளுக்காகத்தான் மேடம். ரெண்டு வருஷமா அவ சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. ஒரு நாள் மூஞ்சி சுளிக்கல. நான் ஏதாச்சும் பண்ண வேணாமா?"

மேடம் காயலன்னு சொல்லல. மாவடுவக் கடிச்சாங்க.

"அவங்களக் கேட்டீங்களா?"

"இதுல கேக்கறதுக்கு என்ன மேடம் இருக்கு?"

மேடம் எந்திரிச்சு உள்ள போய்த் தட்ட எடை போட்டாங்க.

ஏழு புள்ளி ரெண்டு.

"இன்னொரு தடவை வைங்க சார்."

*

இந்தத் தடவை தணிகாசலம் எதுவும் பேசல. சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் மிச்சமில்ல.

ஓவன் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்தாரு. நேரம் ஆனதும் தட்ட இடுக்கியால எடுத்தாரு. ஆற வெச்சாரு. தொடல. ஊதல. ஆட்டல. கைய மடியில வெச்சுக்கிட்டு அந்த வெள்ளப் பொடியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. தூங்கற புள்ளையப் பாக்கற மாதிரி.

கதவோரத்துலேருந்து ரெண்டு பிளாஸ்டிக் வட்டம் அவரயே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அவருக்குத் தெரியாது.

தராசுல வெச்சாரு. நம்பர் ஓடி நின்னுச்சு.

ஏழு புள்ளி ரெண்டு.

"மேடம்! அதே எடை!"

"எழுதிக்கங்க."

காலையில இருந்ததுல கால் வாசி போயிருச்சு. ஆனா அவரு மூஞ்சியப் பாத்திருக்கணும் நீங்க. ஒம்போது புள்ளி ஆறுக்குக்கூட அப்படி மலரல.

"அமுதா, பாத்தியா? இது சுத்தமா என்னோடது!"

ஃபோன் அடிச்சுது.

மேடம் எல்லாருக்கும் கேக்கற மாதிரி டேபிள் மேல வெச்சாங்க.

"வணக்கம் மேடம். தணிகாசலம் சாருக்கு எந்தப் போஸ்ட்டுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

மேடம் தணிகாசலத்தப் பாத்தாங்க.

தணிகாசலம் அமுதவல்லியப் பாத்தாரு. எந்திரிச்சாரு. தோளு தானா நிமிந்துச்சு. கை தானா கழுத்துக்குப் போச்சு. பதினாறு வருஷத் தேனு மறுபடி தொண்டையில ஏறிருச்சு.

"குட் ஆஃப்டர்நூன் சார்! ஒரே ஒரு நிமிஷம் சார்! மேனேஜர் போஸ்ட்ங்கறது வந்து..."

"ஐயோ, அந்தக் கொரலு வேண்டாங்க டீச்சரம்மா!"

எல்லாரும் திரும்பினாங்க. அமுதவல்லி ஸ்டூல்லேருந்து எந்திரிச்சு நின்னாங்க.

"அந்த மேனேஜர் வேலை இவருக்கு வேண்டாங்க. பதினாறு வருஷம் ஊருக்கெல்லாம் பேசிப்போட்டு, வீட்டுக்கு வந்து எங்கிட்ட வாயே தொறக்கலீங்க. இங்க வாய மூடி உக்கார ஆரம்பிச்ச பொறகுதான் எங்கிட்டப் பேசறாரு."



தணிகாசலம் கை கழுத்துலயே இருந்துச்சு.

"அமுதா... காரு... உங்க அண்ணன்..."

"காருல யாரு கூடப் பேசிக்கிட்டுப் போறது?"

"ஹலோ? மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

ஜெசிந்தா மேடம் ஃபோன் பக்கம் குனிஞ்சாங்க.

"ஒரே ஒரு நிமிஷம்."

அப்புறம் அமுதவல்லி பக்கம் திரும்பினாங்க.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

சொன்னாங்க. ஒரு வார்த்தை கொறையல.