காராற்றுத் துறைக் காவல்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், ஒரு நாட்டை அனந்தகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ராஜாக்களுக்கு வருஷத்துக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும் அல்லவா? அந்த வருஷம் இவருக்குப் பிடித்த கிறுக்கு, கண்ணால் காணாத எதையும் நம்புவதில்லை என்பது. ஒரு குதிரை வியாபாரி பார்வையில்லாத குதிரையை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனதால் வந்த வினை. மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால், எழுந்து போய் முற்றத்தில் கையை நீட்டிப் பார்ப்பார். சாப்பாடு தயார் என்றால், சமையல்கட்டுக்குப் போய் அண்டாவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இலை முன் உட்காருவார். சமையல்காரர்கள்பாடு திண்டாட்டம். மற்றபடி ஊருக்குக் கெடுதல் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாமல்தான் இருந்தது, பிரதானி அருளாளர் அந்தக் கிறுக்கைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் வரை. பிரதானி என்றால் ராஜாவுக்கு அடுத்த அதிகாரம். பெயரில் இருந்த அருள் மனிதரிடம் இல்லாமல் போனதற்கு அவரைப் பெற்றவர்கள் என்ன செய்வார்கள், பாவம். அவருக்கு ஒரே ஒரு தீராத வயிற்றெரிச்சல் உண்டு. அதன் பெயர் காளத்தி. காளத்தி அந்த அரண்மனையின் விகடன். காளத்தி வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். அருளாளர் வாயைத் திறந்தால் ராஜா கொட்டாவி விடுவார். இதை எந்தப் பிரதானிதான் பொறுத்துக்கொள்வார்?

ஆவணி மாதத்தில் ஒருநாள், மாடத்தி என்கிற பெண் தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சபைக்கு வந்தாள். வாசல் காவலர்கள் ஒன்றும் கேட்காமல் வழிவிட்டார்கள். அவள் புருஷன் அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட படைவீரன். புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் மூத்த மகள் சொன்னாள்: சிறைமீட்டான்.

அந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி ராஜாவுக்கு இருந்தது. எங்கே என்று நினைவு வரவில்லை.

"போன ஐப்பசியில வடக்கத்திச் சண்டைக்குப் போனவரு திரும்பி வரலை சாமி," என்றாள் மாடத்தி. "பத்து மாசம் ஆச்சு. அவரு சேவகத்துக்குக் கொடுத்த வயலு வாய்க்கால் கரையில மூணு மா இருக்கு. அதை ஒழிச்சுக் கொடுக்கணும்னு ஆளு வந்து சொல்லிட்டுப் போறாங்க. அந்த வயலை விட்டா எங்களுக்கு வேற சோறு இல்ல."

போரில் மடிந்தவன் வயல், வரி இல்லாமல் அவன் பிள்ளைகளுக்கே என்றென்றும் சேரும். உதிரப்பட்டி என்று அதற்குப் பெயர். அவன் சிந்திய உதிரத்துக்கு ராஜா கொடுக்கும் நிலம். அந்த நாட்டில் யாருக்கும் தெரிந்த வழக்கம் இது. அருளாளருக்கும் தெரியும். அவர் மைத்துனருக்கு அந்த வாய்க்கால் கரையில் வாழை போட ஆசை என்பதும் அவருக்குத் தெரியும்.

"உன் புருஷன் மடிந்ததைக் கண்டவர் உண்டா?" என்று கேட்டார் பிரதானி.

"இல்ல சாமி. வெள்ளம் வந்துச்சுங்கறாங்க."

"உடல் கிடைத்ததா? வேல், கேடயம் ஏதேனும்?"

"ஒண்ணும் கிடைக்கல."

அருளாளர் ராஜா பக்கம் திரும்பினார். "மகாராஜா, இவன் மடிந்ததைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆகவே இவன் மடியவில்லை. மடியாதவன் பத்து மாதமாக வீடு திரும்பவில்லை என்றால் அவன் களத்தை விட்டு ஓடியவன். ஓடியவனுடைய நிலத்தை எடுத்துக்கொள்வதே முறை."

கண்ணால் கண்டவர் இல்லை என்ற பேச்சு ராஜாவுக்குத் தேனாக இனித்தது. "சரியாகத்தான் சொல்கிறீர்," என்றார்.

காளத்தி எழுந்தான். "மகாராஜா, ஒரு சந்தேகம். அவன் ஓடியதைப் பிரதானியார் கண்ணால் கண்டாரா?"

சபையில் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அருளாளர் முகம் சிவந்தது. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. உடனே ஒரு குழி தோண்டினார்.

"விகடருக்கு இந்தக் குடும்பத்தின் மீது இவ்வளவு பரிவு இருக்குமானால், எட்டு நாளில் அந்த வீரன் எங்கே இருக்கிறான் என்று மகாராஜாவுக்குக் காட்டட்டும். காட்டினால் நிலம் அவர்களுக்கு. காட்டத் தவறினால் நிலமும் போகும், விகடரும் இந்தச் சபையை விட்டுப் போகட்டும்."

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் வெல்லக்கட்டி. "அப்படியே ஆகட்டும்," என்று சொல்லிவிட்டார். பத்து மாதத்துக்கு முன்னால் ஆற்றோடு போன மனிதனை எட்டு நாளில் எங்கே போய்த் தேடுவது? காளத்தி சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். வெளியே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் அவன் வாய்க்கால் கரைக்குப் போனான். மாடத்தி களை பறித்துக்கொண்டிருந்தாள். கரையேறி வந்து அவனுக்கு ஒரு கலயத்தில் கம்மங்கூழ் ஊற்றிக் கொடுத்தாள்.

"நிலம் போயிட்டா என்ன செய்வே தாயி?"

"அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டில் இருக்கு. மூத்தவளுக்குப் பதினொண்ணு, சின்னவளுக்கு ஏழு. அண்ணிகிட்ட வேலைக்காரியாட்டம் கிடக்கணும். அது கூடப் பரவாயில்ல ஐயா. ஓடிப்போனவன் பிள்ளைங்கன்னு சொல்லுவாங்களே, அதைத்தான் தாங்க முடியாது." கையில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டாள். "நான் இன்னும் அழலை ஐயா. அழுதா அவரு போயிட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். அழாம இருந்தா கல்நெஞ்சுக்காரிங்குது ஊரு. பூ வைக்கவா வேண்டாமான்னு கூட எனக்குத் தெரியல."

காளத்தி கலயத்தைக் கீழே வைத்தான். "கடைசியா அவரைப் பார்த்தவங்க யாரு?"

"கூட இருந்த வேல்காரர் ஒருத்தர் வந்து சொன்னாரு. காராத்துத் துறையில நம்ம பட்டாளம் இந்தக் கரைக்குத் திரும்புச்சாம். எல்லாரும் தாண்டுற வரைக்கும் எதிரி இறங்கிடாம, நடு ஆத்துப் பாறையில ஒருத்தர் நிக்கணும்னாங்களாம். ராஜாவே இவரைக் கூப்பிட்டு, கையால வெத்தலை பாக்குக் கொடுத்து நிப்பாட்டினாராம்."

"ராஜா கையாலயா?"

"ஆமா. பட்டாளம் தாண்டிருச்சு. ராஜாவும் புறப்பட்டுப் போயிட்டாரு. அப்பத்தான் வெள்ளம் வந்துச்சாம். கரையில இருந்தவங்க வந்துருய்யா, வந்துருய்யான்னு கத்தியிருக்காங்க. ராஜா வந்துதான் மாத்தணும்னு சொல்லிட்டு நின்னுருக்காரு. பெறகு மழை இறங்கி ஒண்ணும் தெரியலையாம்."

காளத்தி எழுந்து நடந்தான்.

அந்த நாட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை பிடிபடாது. ராஜா தன் கையால் தாம்பூலம் கொடுத்து ஒருவனைக் காவலுக்கு நிறுத்தினால், ராஜாவே நேரில் வந்து பெயர் சொல்லி மூன்று முறை அழைத்து, இன்னொரு தாம்பூலம் கொடுத்துத்தான் அவனை விடுவிக்க வேண்டும். சேனாதிபதி சொன்னாலும் அவன் நகரமாட்டான், பெற்ற தாய் அழைத்தாலும் நகரமாட்டான். இப்போதைய ராஜாவின் பாட்டனார் ஒரு தடவை மாவடு ஊறுகாய் ஜாடிக்கு ஒரு வீரனைக் காவல் நிறுத்திவிட்டு, மறந்தே போனார். ஊறுகாய் தீர்ந்து, ஜாடி உடைந்து, ஓட்டுச் சில்லுகளையும் கூட்டித் தள்ளிய பிறகும் அவன் மூன்று வருஷம் அந்த மூலையிலேயே நின்றான். இது பெருமையா பைத்தியமா என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல? அவர்களுக்கு அது உயிர்.

எட்டாம் நாள் சபை நிரம்பி வழிந்தது. அருளாளர் புதுப் பட்டு உடுத்தி வந்திருந்தார். காளத்தி தனியாக, வெறுங்கையோடு வந்தான்.

"வீரன் எங்கே?" என்றார் ராஜா.

"கண்டுபிடித்துவிட்டேன் மகாராஜா. அழைத்தால் வர மறுக்கிறான்."

"மறுக்கிறானா? உயிரோடு இருக்கிறானா?"

"அவன் மடியவில்லை என்று பிரதானியார் இதே சபையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதை மறுக்க நான் யார்? உயிரோடு இருப்பவன், நிறுத்திய இடத்தில்தான் இருக்க வேண்டும். காராற்றுத் துறையில், நடு ஆற்றுப் பாறையில் காவல் நிற்கிறான்."

"இது என்ன பிதற்றல்!" என்றார் அருளாளர். "சண்டை முடிந்து பத்து மாதமாகிறது."

"சண்டைதான் முடிந்தது பிரதானியாரே, காவல் முடியவில்லை. அவனுக்குத் தாம்பூலம் கொடுத்தது மகாராஜாவின் கை. மாற்றுத் தாம்பூலம் இன்னும் போகவில்லை. மகாராஜா வந்து அழைக்காமல் அவன் எப்படி வருவான்?"

ராஜாவுக்கு அந்தப் பெயரை எங்கே கேட்டோம் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. கேட்டது கூட இல்லை, அவரே சொன்ன பெயர்.

"மகாராஜா இதற்கெல்லாம் போக வேண்டியதில்லை," என்று அருளாளர் ஆரம்பித்தார். ராஜா அவரைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற காவலர்களைப் பார்த்தார். அத்தனை பேரும் அவர் கையால் வெற்றிலை வாங்கி நின்றவர்கள். அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பல்லக்கு வேண்டாம். குதிரையைக் கொண்டுவாருங்கள்," என்றார் ராஜா.

மறுநாள் காலையில் சபை முழுவதும் காராற்றங்கரையில் இருந்தது. மாடத்தியும் பிள்ளைகளும் ஓரமாக நின்றார்கள். ஆவணி மாதத்து ஆறு, வெள்ளம் இல்லை. நடுவில் பாறை ஈரமாகத் தெரிந்தது. அதில் யாரும் இல்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள். ராஜாவும் பார்த்தார். ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே, வெற்றிலைத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"சிறைமீட்டான்," என்று அழைத்தார். ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"சிறைமீட்டான்." இரண்டாவது தடவை குரல் கம்மியது.

மூன்றாவது தடவை கூப்பிட அவரால் முடியவில்லை. காளத்தி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "தூரமாக இருக்கிறது மகாராஜா. கிட்டே போய்க் கூப்பிட்டுப் பாருங்கள்."

ராஜா தண்ணீரில் இறங்கினார். முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. வெள்ளம் இல்லாத ஆறு, அதுவே காலை வாரியது. பாறைக்குப் பத்தடி இருக்கும்போது சறுக்கி விழப் பார்த்தவரைப் படகோட்டி ஒருவன் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து நிறுத்தினான். பட்டும் நகையுமாக நின்று நடுங்கினார் ராஜா. ஐப்பசியில் இது எப்படி ஓடியிருக்கும் என்று அந்த இடத்தில் நின்றபோதுதான் அவருக்குத் தெரிந்தது. பாறையைத் தொட்டுக்கொண்டு மூன்றாவது தடவை அழைத்தார். வெற்றிலையைத் தண்ணீரில் விட்டார். அது சுழன்றுகொண்டே போயிற்று.

"உன் காவல் முடிந்ததப்பா. நான் வரத் தாமதமாகிவிட்டது. வீட்டுக்குப் போ," என்றார்.

கரையில் மாடத்தி அப்படியே உட்கார்ந்தாள். பத்து மாதமாக அழாத அழுகையை அங்கேதான் அழுதாள். பிள்ளைகள் இரண்டும் அவளைக் கட்டிக்கொண்டன. காவலர்கள் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ராஜா ஈரத்தோடு நேரே அவளிடம் போய்க் கைகூப்பினார். "தாயே, வயல் உன்னுடையது, உன் பெண்களுடையது. இந்தத் துறையில் அவனுக்கு நடுகல் நாட்டி, ஆண்டுதோறும் நானே வந்து பூச்சூட்டுவேன்." பிறகு சபையைப் பார்த்துச் சொன்னார்: "ஆளை அனுப்பியவர்கள் நாம். ஆளைத் தேட வேண்டியவர்களும் நாம். இனி ஒரு வீரன் திரும்பாவிட்டால், அவன் வீட்டார் சாட்சி தேடி இங்கே வரக் கூடாது. நாற்பது நாளுக்குள் நம் ஆள் அவர்கள் வாசலில் போய் நிற்க வேண்டும்."

எல்லாம் முடிந்ததும் காளத்தி தொண்டையைச் செருமினான். "மகாராஜா, ஒரு சின்ன விஷயம். தாம்பூலம் பெற்றவனை விடுவித்தால், ராஜா அந்த இடத்தை விட்டுக் கிளம்பும் வரை மாற்று ஆள் நிற்க வேண்டும் என்பது வழக்கம். பாறை காலியாக இருக்கிறது."

"யாரை நிறுத்துவது?"

"ஐப்பசி வெள்ளம் வந்தாலும் அங்கே நிற்பவன் மடியமாட்டான் என்று உறுதியாகத் தெரிந்தவர் நம்மில் ஒருவர்தான் இருக்கிறார்."

ராஜா ஒரு வெற்றிலையை எடுத்து அருளாளரிடம் நீட்டினார். வாங்காமல் இருக்க முடியுமா? புதுப் பட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தத்தித் தத்திப் போய்ப் பாறை மேல் ஏறி நின்றார் பிரதானி. வெயில் ஏறியது. கரையில் இலை போட்டுச் சாப்பாடு நடந்தது. மூன்று நாழிகை போனதும் பாறையில் இருந்து பரிதாபமாக ஒரு குரல் வந்தது: "மகாராஜா, கால் மரத்துவிட்டது."

"சரி, பாவம். படகோட்டி, போய் அழைத்து வா," என்றார் ராஜா.

"படகோட்டி அழைத்தால் அவர் வரக் கூடாதே," என்றான் காளத்தி. "கொடுத்த கைதான் போக வேண்டும் மகாராஜா."

ராஜா அவனைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், அப்போதுதான் காய்ந்திருந்த தன் வேட்டியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அன்று முழுவதும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, தோளில் இருந்த சரிகைச் சால்வையைக் காளத்தியிடம் கொடுத்தார். "நான் வந்து வாங்கும் வரை வைத்திரு," என்று சொல்லிவிட்டு மறுபடி ஆற்றில் இறங்கினார்.

மூன்று முறை அழைத்து, வெற்றிலை கொடுத்து, பிரதானியின் கையைப் பிடித்துத் தண்ணீரில் இறக்கினார்.

"குளிர்கிறதா அருளாளரே?"

"குளிர்கிறது மகாராஜா."

"எவ்வளவு நேரம் நின்றீர்?"

"மூன்று நாழிகை."

"அவன் இன்று காலை வரை நின்றான்," என்றார் ராஜா.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். காளத்தி சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றிருந்தான். ராஜா தலையைத் துவட்டிக்கொண்டார், குதிரை ஏறினார், ஊர் வந்து சேர்ந்தார். சால்வையை அவர் கேட்கவும் இல்லை, அவன் கொடுக்கவும் இல்லை.