துப்புரவுக் கட்டளை

"குருவே, என்னால ஒரு அம்மாவோட ஆய்வேடு மொத்தமும் போச்சு."

இஞ்ஞாசி கதவருகிலேயே நின்றுவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர். அவரைவிடப் பத்து வயது இளையவரான சுநந்தாவைக் குழுவில் எல்லோரும் கேலியாகத்தான் குரு என்பார்கள். இன்று இஞ்ஞாசியின் குரலில் கேலி இல்லை.

"உட்காருங்க. எப்படிப் போச்சு?"

அவர்கள் குழு 'அடுக்கு' என்றொரு கருவியைச் செய்து இலவசமாகத் தருகிறது. கணினியில் எழுதுவதை அது பழைய வடிவங்களோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அதில் 'துப்புரவு' என்ற கட்டளை இஞ்ஞாசி எழுதியது. இன்னும் அடுக்கில் சேர்க்காத கோப்புகளை அது பெருக்கித் தள்ளிவிடும்.

"துப்புரவுன்னு போட்டு, பக்கத்துல --காட்டு அப்படின்னு சேர்த்திருக்காங்க. மத்த கட்டளையில அப்படிப் போட்டா எதையும் தொடாது. என்ன செய்யப்போகுதுன்னு காட்டும், அவ்வளவுதான். துப்புரவுக்கு அந்தச் சொல் தெரியாது."

"தெரியலைன்னா?"

"அதை விட்டுட்டு மிச்சத்தைச் செஞ்சிருச்சு."

சொல்லும்போதே அவருக்கு இன்னொரு கவலை வந்தது. இந்த நிமிஷம் வேறு யார் யார் அதைத் தட்டிக்கொண்டிருக்கிறார்களோ.

"திருத்திடுங்களேன்."

"இனிமே அதுல கை வைக்கவே பயமா இருக்குங்க. நீங்களே பண்ணிடுங்க."

சுநந்தா சுவரிலிருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினார். அடுக்கின் அடுத்த வெளியீட்டுக்காக அவர் போட்ட கட்டங்களும் அம்புக்குறிகளும் அதில் நெருக்கியடித்துக் கிடந்தன.

"அதைத் துடைச்சிடுங்க" என்றார். கூடவே, தன் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார்.

இஞ்ஞாசிக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. என்னவென்று கேட்க வாயெடுத்தார். ஏற்கெனவே இவ்வளவு பெரிய தப்பைப் பண்ணிவிட்டு வந்து நிற்கிற மனுஷன் இதையும் கேட்டால் சுநந்தா என்ன நினைப்பார்? பேசாமல் டஸ்டரை எடுத்தார். மூலை முடுக்கு விடாமல் துடைத்தார்.

பலகை பளிச்சென்று ஆனது.

"கடைசியில நான் என்ன சொன்னேன்?"

"புரியலைங்க."

"எதைத் துடைக்கப் போறீங்கன்னு முதல்ல காட்டுங்கன்னு சொன்னேன்."

டஸ்டர் கையைவிட்டு நழுவியது. "ஐயோ! வேற எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"இல்லை."

இஞ்ஞாசி வெறும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"புரியலைன்னா ஏன் கேட்கலை?"

"பயமா இருந்துச்சு."

சுநந்தா எழுந்தார். தன் நாற்காலியைக் கணினியின் முன்னால் இழுத்துப் போட்டு, அவரைப் பார்த்தார்.

இஞ்ஞாசி உட்கார்ந்தார். பயம் போகவில்லை. துப்புரவுக் கட்டளையைத் திறந்தார். தெரியாத சொல் வந்தால் அது திரையில் சொல்லவேண்டியதை முதல் வேலையாகத் தட்டினார்.

"நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. நான் எதையும் தொடவில்லை."