ஐந்தில் ஒரு மாசிலாமணி

மூங்கிலேரி அரிசிக் கிடங்கில் மொத்தம் ஏழு பேர் வேலை பார்த்தார்கள். மூட்டை தூக்க மேஸ்திரி ஏகாம்பரத்தோடு சேர்த்து ஐந்து பேர், லாரி ஓட்ட எத்திராஜ், மின்சார வேலைக்குக் கன்னியப்பன். ஏழு பேருக்கும் அரசாங்கத்தின் மேல் அபார மரியாதை. அறிவையும் ஆண்டவன் சமமாகத்தான் பங்கு போட்டிருந்தான், ஆளுக்கு ஒரு சிட்டிகை.

மூட்டை தூக்குபவர்களில் கடைசியாகச் சேர்ந்தவன் மாசிலாமணி. கிடங்கில் நிரந்தர வேலை என்று சொல்லித்தான் அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். பாவம், அவன் தரையில் கால் பாவாமல் திரிந்த நேரத்தில்தான் மாவட்டப் புள்ளிவிவர அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்து சேர்ந்தது.

ஏகாம்பரம் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். "இந்த வருஷம் கிடங்கு வேலையில் ஆட்கள் நூற்றுக்கு இருபது குறைவு. போக்குவரத்தில் நூற்றுக்கு இருபது அதிகம். மின்சாரத்தில் மாற்றமில்லை."

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "உத்தரவு வந்திருச்சு" என்றார்.

ஃப்யூஸ் போன பல்பைக் கழற்ற அப்போதுதான் கன்னியப்பன் ஏணியில் ஏறியிருந்தான்.

"டேய், எறங்குடா! மின்சாரத்துல மாற்றமில்லைன்னு போட்டிருக்கு, நீ பாட்டுக்கு பல்பை மாத்துறியே!" என்று அதட்டினார் மேஸ்திரி.

கன்னியப்பன் பல்பை அப்படியே விட்டுவிட்டு இறங்கினான். எதற்கு வம்பு என்று அன்றிலிருந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. நாலாம் நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை.

கிடங்கில் ஐந்து பேரில் ஒருவர் குறைய வேண்டும். எல்லோரும் மாசிலாமணியைக் காட்டினார்கள். அவன் அழுதேவிட்டான்.

"அழாதடா. லாரியில ஆளு கூடணும்னும் போட்டிருக்குல்ல? அங்க போயிடு" என்றார் ஏகாம்பரம்.

எத்திராஜ் தலையைச் சொறிந்தார். "மேஸ்திரி, லாரியில நான் ஒருத்தன்தானே? நூத்துக்கு இருபதுன்னா அஞ்சுல ஒரு பங்கு ஆளைத்தான் கூட்டலாம். முழு ஆளை ஏத்தினா கேஸு போட்டுருவாங்க."

இது நியாயமாகப் பட்டது. வெகுநேரம் யோசித்தார்கள்.

"கை ரெண்டு, காலு ரெண்டு, உடம்பு ஒண்ணு" என்று விரல் மடக்கினார் ஏகாம்பரம். "கரெக்டா அஞ்சு."

"தலை?" என்றான் மாசிலாமணி கவலையோடு.

"நம்ம கிடங்குல தலையை என்னிக்குடா கணக்குல சேர்த்தோம்?"

கடைசியில் இடது கைக்கு லாரியில் வேலை கிடைத்தது. திருப்பம் வந்தால் ஜன்னலுக்கு வெளியே நீண்டு சிக்னல் காட்ட வேண்டும். மிச்ச நாலு பங்குக்கும் வேலை இல்லை. ஆனால் கையைத் தனியாக அனுப்ப வழியில்லாததால், துணைக்கு உட்கார்ந்து வரலாம் என்று பெரிய மனது பண்ணினார்கள்.

மாசிலாமணி நாணயமானவன். லாரி சேற்றில் சிக்கியபோது இடது கையை மட்டும் வைத்துத் தள்ளினான். நடுவில் கால் லேசாக ஊன்றப் பார்த்தது. "உனக்கு வேலை இல்ல, சும்மா இரு" என்று அதட்டினான். கால் சும்மா இருந்தது, லாரியும் சும்மா இருந்தது.

வருங்கால மாமனார் போன் பண்ணி, வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டார்.

"இடது கைக்கு ஒரு குறையும் இல்ல மாமா. மத்ததெல்லாம் வேலை தேடிக்கிட்டு இருக்கு."

மாமனார், முழு மாப்பிள்ளைக்கும் வேலை கிடைக்கிற வரை பத்திரிகை அடிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரமே ஆள் கணக்கெடுக்கப் புள்ளிவிவர அலுவலகத்திலிருந்து ஹேமாவதி மேடம் வந்தார்.

"கிடங்குல நாலு, மின்சாரத்துல ஒண்ணு, லாரியில ஒண்ணும் அஞ்சுல ஒரு பங்கும் மேடம்" என்று பணிவாகச் சொன்னார் ஏகாம்பரம்.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அந்தம்மா ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். "ஐயோ, அது ஏற்கெனவே நடந்ததை எண்ணி எழுதினதுங்க. உங்களை நடத்தச் சொல்லி எழுதலை. முதல்ல அந்தப் பல்பை மாத்துங்க. அவரை மறுபடி கிடங்குலயே சேர்த்துக்கங்க." சொல்லிவிட்டு வேகமாக வண்டி ஏறிவிட்டார்.

மாசிலாமணிக்கு உயிர் வந்தது.

"சேர்த்துக்கலாம்" என்றார் ஏகாம்பரம். "ஆனா இடது கை லாரி வேலையில இருக்கே. அது ராஜினாமா எழுதிக் குடுக்கணும்."

மாசிலாமணி அவசரமாக வலது கையால் பேனாவை எடுத்தான். ஏகாம்பரம் பட்டென்று தட்டிவிட்டார். "வேலையே இல்லாத கை எப்படிடா ராஜினாமா பண்ணும்?"

இடது கைக்கு எழுதத் தெரியாது. 'அ'வில் ஆரம்பித்துப் பழக்கினார்கள். ஒன்பதாம் நாள் கோணல்மாணலாகக் கடிதம் தயாரானது. 'வேலையை விடுகிறேன். இப்படிக்கு, இடது கை.'

அன்றே மாசிலாமணியை முழு ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். மாமனாரும் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார். மாசிலாமணி பூரித்துப்போய் முதல் மூட்டையைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினான்.

"நில்லுடா!" என்று கத்தினார் ஏகாம்பரம். "இடது கை சர்வீஸ் பார்த்த கை. மத்ததெல்லாம் இன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கு. புதுசா வந்ததுங்க ஒரு மாசம் சீனியரைப் பார்த்துத்தான் வேலை கத்துக்கணும்."

அதுவும் சரிதான் என்று மாசிலாமணிக்குப் பட்டது. இடது கை தனியாக மூட்டையை இழுக்க ஆரம்பித்தது. வலது கைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, அதைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டான்.