செங்கல் நிறமும் நான்கு நகல்களும்

கவனமாகப் படியுங்கள். விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. இரண்டாம் முறை சொல்வதாக இல்லை.

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு அறுநூறு கிலோ துணி இயந்திரத்திலிருந்து வெளியே வந்தது. செங்கல் நிறம் வரவேண்டியது, ஈரல் நிறத்தில் வந்தது.

முதலாளி சாய மாஸ்டர் மாரப்பனைப் பிடித்தார்.

"சிவப்பு எவ்வளவு போட்டே?"

"கிலோவுக்கு இருபத்திநாலு கிராமுங்க. காலையில பத்து மணிக்கு ஃபைலைப் பார்த்துத்தானுங்க எழுதினேன்."

"பதினாலுதான்னு லேப்காரன் சொல்றானே?"

மாரப்பனுக்கு ஒரு பழக்கம். அளவைத் திரையில் பார்த்துச் சாக்பீஸால் இயந்திரத்தின் வயிற்றில் எழுதிக்கொள்வான். வேலை முடிவதற்குள் நீராவி அதைக் கழுவிவிடும். ஆக, கையில் சாட்சி இல்லை. வெள்ளி காலை பார்த்தால் எல்லா நிறங்களின் அளவும் இருக்கும் கணக்கு ஃபைலே காணோம். யாரோ அழித்திருக்கிறார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள ஃபைலைக் காட்டு. இல்லாட்டி நாளைக்கு வரவேண்டாம்" என்றார் முதலாளி. மாரப்பனுக்கு அங்கே இருபத்திரண்டு வருஷ வேலை.

கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் செண்பகவல்லி. பட்டறையில் பெரிய கணினி ஒன்றுதான். அதற்குள் நான்கு கணினிகள் தனித்தனியாக இருப்பதுபோல் ஓடும். மெய்நிகர் கணினி என்பார்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு அவற்றை முழுசாக நகலெடுத்து வைப்பாள். தேவைப்பட்டால் மொத்தக் கணினியையும் பழைய நாளுக்குத் திருப்பலாம். அல்லது நகலைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரே ஒரு ஃபைலை மட்டும் உருவிக்கொள்ளலாம்.

அந்த ஃபைலில் கைவைக்கக் கூடியவர்கள் மூன்று பேர். மூவரும் ஒருவர்பின் ஒருவராக அவள் அறைக்கு வந்தார்கள். அவள் யாரையும் நம்புவதாக இல்லை.

முதலில் மேனேஜர் வெள்ளிங்கிரி. வேர்த்து வழிந்தார். "நேத்து சாயங்காலத்துக்கே எல்லாத்தையும் திருப்பிடும்மா."

"திருப்பினா இன்னிக்குக் காலையில அனுப்பின சரக்கு விவரமெல்லாம் போயிருமுங்க."

"போனாப் போகுது."

யார் அழித்தது என்பதற்குத் தடயம் ஏதாவது இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். செண்பகவல்லி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அடுத்து மாரப்பன். வாசலிலேயே நின்றான். "எனக்கு ஒண்ணும் புரியாதுங் அம்மிணி. கடைசியா எப்படி இருந்துதோ அப்படியே எடுத்துக் குடுங்."

"எடுத்தா உங்க தலைதான் உருளும்னா?"

"உருளட்டுமுங்."

இவ்வளவு தைரியமா? நடிப்பா? அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

கடைசியில் லேப் குமரகுரு. கையில் டீயோடு வந்தான், அவளுக்கும் ஒன்று. "மொத்தமாத் திருப்பறதெல்லாம் பைத்தியக்காரத்தனங்க. அந்த ஒரு ஃபைலை மட்டும் திங்கக்கிழமை காப்பியிலிருந்து உருவுங்க, வேலை முடிஞ்சுது. நான் அதைத் தொட்டே பத்து நாள் ஆச்சு."

மூவரில் விஷயம் தெரிந்தவன் அவன்தான். டீயும் சூடாக இருந்தது. அவள் குடிக்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நான்கு நகல்களும் அவளிடம் இருந்தன. ஒன்றையும் திறக்காமலே ஆள் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சொல்லுங்கள். யார்? எதை வைத்துக் கண்டுபிடித்தாள்?

*

விடை: குமரகுரு. ஃபைல் வியாழன் காலைவரை இருந்தது. தொலைந்ததைத் தேடுகிறவன் கடைசி நகலைத்தான் கேட்பான். மற்ற இருவரும் அப்படித்தான் கேட்டார்கள். வெள்ளிங்கிரிக்குக் கணினி விவரம் தெரியாது, அவ்வளவே. பத்து நாளாகத் தொடாதவனுக்குத் திங்கட்கிழமைதான் நல்ல நகல் என்று எப்படித் தெரியும்? நான்கையும் உருவினாள். திங்களில் பதினாலு, செவ்வாய் முதல் இருபத்திநாலு. செவ்வாயன்று அதே ஃபைலில் வேறு நிறத்தைத் திருத்தும்போது அவன் விரல் தவறியிருக்கிறது. துணியைப் பார்த்ததும் புரிந்துகொண்டு ஃபைலை அழித்திருக்கிறான். திங்கள் நகல் திரும்பி வந்திருந்தால் பழி மாஸ்டர் தலையில். மாரப்பன் கோபப்படவில்லை. "வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தத் துணியக் கறுப்புல முக்கிக் குடுத்திருப்பேனேப்பா" என்றான்.