தாலி கட்டும் இடம்

கோவில்பட்டியில் ஓர் இட்லிக் கடைக்கு மேலே, மாடியில், உலகநாதனின் ஸ்டுடியோ. இருபது வருடம் கல்யாண போட்டோ எடுத்தவர், ஐம்பத்தொரு வயதில் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். சொல்லிக்கொடுத்த இசக்கியம்மாளுக்கு வயது முப்பத்து நான்கு. அவரை உலகநாதன் டீச்சர் என்பார். டீச்சர் இவரை அண்ணாச்சி என்பார்.

ஒருநாள் காலை டீச்சரை வரச்சொன்னார்.

"புதுக் கம்ப்யூட்டர், டீச்சர். இந்தத் தெருவுலயே இவ்வளவு பவர் யார்கிட்டயும் கிடையாது. ஆனா படம் நகர மாட்டேங்குது."

ஓடவிட்டுக் காட்டினார். தாலியோடு போன மாப்பிள்ளையின் கை பாதியில் நின்றது. ஒரு துள்ளல். மறுபடி நின்றது. மேளம் விக்கியது.

"என்னென்ன பார்த்தீங்க?"

"ரேம் கூட்டினேன். கிராபிக்ஸ் கார்டு மாத்தினேன். சாஃப்ட்வேரை அழிச்சுத் திரும்பப் போட்டேன்."

"மேல எலுமிச்சம்பழம் தொங்குது."

"அது நேத்து."

"படம் எப்ப கொடுக்கணும்?"

"சாயந்தரம் ஆறு மணிக்கு. கல்யாணப் பொண்ணு செண்பகா விடிஞ்சா குவைத் போகுது. அவங்கப்பா பக்கவாதத்துல படுத்திருக்காரு. மண்டபத்துக்கே வர முடியல. மக கிளம்புறதுக்குள்ள, அவ பக்கத்துல இருந்து ஒரு தடவை பார்த்துடணும்னு கேட்டாரு."

டீச்சர் எழுந்து கீழே போனார். வரும்போது கையில் ஓர் இலை, இலையில் ஓர் இட்லி.

"சாப்பிடுங்க."

"ஒண்ணுதானா?"

"பத்து சொல்லியிருக்கேன். கடையில இருக்கு. ஒண்ணு முடிஞ்சதும் போய் அடுத்ததை எடுத்துட்டு வாங்க."

குரு சொன்னால் செய்ய வேண்டியதுதான். உலகநாதன் இறங்கினார், ஏறினார். கடைக்காரர் சிரித்தார். நான்காவது இட்லிக்கு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"பசி அடங்குச்சா?"

"எங்க அடங்க? கால்தான் வலிக்குது."

"வேணும்னா வாயை மாத்திப் பார்ப்போமா, அண்ணாச்சி?"

உலகநாதன் கையில் இட்லியோடு அப்படியே நின்றார். பிறகு மேஜை ஓரத்தைப் பார்த்தார்.

அங்கே அவருடைய பழைய ஹார்ட் டிஸ்க், மெல்லிய ஒரு வயரில் கம்ப்யூட்டரோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் மேல் ஏடு ஏடாகப் படிந்திருந்தன. எந்தக் கல்யாணம் என்றாலும் அதில்தான் ஏற்றுவார். செண்பகாவின் கல்யாணமும் அதில்தான் இருந்தது. மிஷின் படத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் அதனிடம் போய்வந்துகொண்டிருந்தது.

"புது மிஷினுக்குள்ள இடம் இருக்கா?" என்றார் டீச்சர்.

"அவ்வளவும் காலிதான்."

"பின்ன?"

"ராசியான டிஸ்க், டீச்சர். இன்னிவரைக்கும் ஒரு கல்யாணம்கூட இதுல அழிஞ்சதில்ல. இதை விட்டுட்டு வேலை செய்ய மனசு வரல."

"கோயில் யானைகிட்ட ஆசி வாங்கிட்டு ஊருக்குக் கிளம்புறோம். யானை மேலயேவா போறோம்?"

உலகநாதன் கையிலிருந்த இட்லியை வாயில் போட்டுக்கொண்டு மவுஸைப் பிடித்தார். படத்தைப் புது மிஷினுக்குள் நகலெடுக்கப் போட்டார். இரண்டரை மணி நேரம் காட்டியது. மீதி ஆறு இட்லியும் ஒரே பாத்திரத்தில் மேலே வந்தன.

ஒரு மணிக்கு மறுபடி ஓடவிட்டார். மாப்பிள்ளையின் கை கழுத்தைச் சுற்றிப் போனது. மூன்று முடிச்சும் விழுந்தன. அட்சதை பறந்தது.

உலகநாதன் வயரைக் கழற்றினார். டிஸ்க்கைத் துடைக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எலுமிச்சம்பழத்தை அவர் கழற்றவில்லை. டீச்சரும் கேட்கவில்லை.

சாயந்தரம் ஆறரைக்கு டீச்சருக்கு உலகநாதனிடமிருந்து போன் வந்தது.

"செண்பகா வீட்டுலருந்து பேசறேன், டீச்சர்." குரல் தாழ்ந்திருந்தது. "தாலி கட்டுற இடத்துல அவங்கப்பா நிறுத்தச் சொன்னாரு. ஓடவிடப் போனா கையைத் தூக்கறாரு. பத்து நிமிஷமா படம் அங்கயே நிக்குது."

"பொண்ணு?"

"பக்கத்துலதான் இருக்கு. நான் என்ன செய்ய?"

"நிக்கட்டும், அண்ணாச்சி."