காயம் கேட்டு வந்தவர்

"எனக்கு ஒரு காயம் வேண்டும்" என்றார் தெலேஸ்.

உளி அடித்துக்கொண்டிருந்த மோலோன் நிமிரவில்லை.

"இங்கே உளி கேட்டு வருவார்கள். காயம் கேட்டு யாரும் வந்ததில்லை."

"நான் வந்திருக்கிறேன், ஆசானே."

தெலேஸுக்கு ஐம்பத்தொரு வயது. சலவைக்கல்லுக்குப் பெயர்போன பாரோஸ் தீவுக்காரர். அவர் செதுக்கிய தேவர்கள் கடலைச் சுற்றிப் பதினொரு கோவில்களில் நின்றார்கள்.

மோலோனுக்கு முப்பத்தாறு. லெம்னோஸ் தீவில் சிற்பிகளுக்கு உளி அடித்துக் கொடுக்கும் கொல்லர். இடது கால் முழங்காலுக்குக் கீழே சூம்பி, வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். உளிக்கு வருகிறவர்கள் கூடவே ஒரு கேள்வியையும் கொண்டுவருவார்கள். சிலருக்குப் பதில் கிடைக்கும். பலருக்கு உளி மட்டும் கிடைக்கும். எப்படியோ, வயதில் மூத்தவர்களும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"உட்காருங்கள் ஐயா. என்ன ஆயிற்று?"

தெலேஸ் சொன்னார்.

லெம்னோஸ் கொல்லர்கள் தங்கள் கோவிலுக்கு ஹெபைஸ்டஸின் சிலை கேட்டிருந்தார்கள். நெருப்புக்கும் உலைக்கும் அவன்தான் தேவன். கால் ஊனமாய்ப் பிறந்தவன். பார்க்கச் சகிக்காமல் பெற்ற தாயே அவனை வானத்திலிருந்து தூக்கி எறிந்தாள். அவன் வந்து விழுந்த இடம் இந்தத் தீவு என்று இங்கே சொல்வார்கள். பிற்பாடு தேவர்களுக்கு வேலும் தேரும் மாளிகையும் செய்து கொடுத்தவன் அவன்தான்.

தெலேஸ் ஒரு சிலை செய்து அனுப்பினார். கொல்லர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"அழகாய் இருக்கிறது" என்றார்கள். "யார் இவர்?"

இன்னொன்று செய்தார்.

"இவரும் அழகாய் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

திருவிழாவுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. மூன்றாவது கல் லெம்னோஸ் துறைமுகத்தில் வந்து கிடந்தது.

"என்ன குறை என்று கண்டுபிடித்துவிட்டேன்" என்றார் தெலேஸ். "கையில் குறையில்லை. என் வாழ்க்கையில்தான் குறை."

"என்ன குறை?"

"குறையே இல்லாததுதான் குறை. நம் கதைகளைப் பாருங்கள். சிறகு செய்து பறந்தவன் பெற்ற மகனைக் கடலுக்குக் கொடுத்தான். பாறையையும் அழவைத்த பாடகன் பெண்டாட்டியைப் பாதாளத்தில் தொலைத்தான். தேவனோடு போட்டி போட்டுக் குழல் ஊதியவனை உயிரோடு தோலுரித்தார்கள். உங்கள் தேவனைத் தாயே எறிந்தாள். பெரிதாக எதையாவது படைத்தவன் ஒருவனாவது முழுசாய் இருந்திருக்கிறானா?"

"நீங்கள்?"

"ஆறு வயதுவரை அம்மா ஊட்டிவிட்டாள். அப்பா ஒரு நாளும் கைநீட்டியதில்லை. பல் எல்லாம் அப்படியே இருக்கிறது. பெண்டாட்டி..."

நிறுத்திக்கொண்டார்.

"பெண்டாட்டி?"

"தியானோ என்று பெயர். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். கஞ்சி தீய்ந்துபோனால்கூடச் சிரிப்பு. அவளிடம் சொல்லாமல் படகேறி வந்துவிட்டேன். பிரிந்திருந்தால் வலிக்கும், அந்த வலி கைக்கு இறங்கும் என்று நினைத்தேன். நாற்பது நாள் ஆகிவிட்டது. முதுகு வலிக்கிறது. வேறொன்றும் வலிக்கவில்லை."

மோலோன் பழுக்கக் காய்ந்த உளியைத் தண்ணீரில் முக்கினார். அது சீறி அடங்கியது.

"நான் என்ன செய்ய வேண்டும்?"

"என் காலை உடைத்துவிடுங்கள்."

மோலோன் அப்போதுதான் முதல்முறையாக அவரை நன்றாகப் பார்த்தார்.

"எனக்குப் பதினொரு வயதில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்தது. என் கால் போயிற்று. பக்கத்தில் படுத்திருந்த அண்ணனுக்கும் கால் போயிற்று. அதே சுவர், அதே இடது கால்."

"உங்கள் அண்ணனும் பெரிய கொல்லரா?"

"துறைமுகத்தில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர்களைத் திட்டுவான்."

"ஓ."

"நன்றாகத் திட்டுவான்."

தெலேஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உங்களுக்குக் கொடுக்க மனமில்லை. அதைச் சொல்லிவிடுங்கள்."

மோலோன் எழுந்தார். சுவரில் சாய்த்திருந்த பெரிய சம்மட்டியை எடுத்தார்.

"காலை இந்த இரும்புப் பட்டடைமேல் வையுங்கள்."

தெலேஸ் வைத்தார். வெயில் காலம்தான். ஆனாலும் பட்டடையின் இரும்பு குளிர்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். தொடையைக் கையால் அழுத்திப் பிடித்தார்.

சம்மட்டி மேலே போகும் மூச்சுச் சத்தம் கேட்டது.

"எந்தக் கால்?"

"எதுவானாலும் சரி. சீக்கிரம்."

"என்னால் அப்படிச் செய்ய முடியாது. தேவனுக்கு எந்தக் கால்?"

தெலேஸ் கண்ணைத் திறந்தார்.

"தெரியவில்லை."

"இரண்டு சிலை செய்தீர்களே."

"முதல் சிலை உட்கார்ந்திருக்கும். ஆடை தரைவரை போர்த்தியிருக்கும்."

"இரண்டாவது?"

"நிற்கும். முன்னால் ஒரு பட்டடை வைத்து மறைத்துவிட்டேன்."

"எதை?"

தெலேஸ் பட்டடைமேலிருந்த தன் காலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அசிங்கமாக இருக்குமே என்று நினைத்தேன்."

மோலோன் சம்மட்டியைக் கீழே வைத்தார்.

"காலை எடுங்கள் ஐயா. எனக்கு அங்கே வேலை நடக்க வேண்டும்."

"அப்படியானால் நான் என்ன செய்ய?"

"துருத்தி சும்மாதான் கிடக்கிறது."

தெலேஸ் உலைக்குக் காற்றடிக்க உட்கார்ந்தார்.

முதல் இரண்டு நாள் அவர் மோலோனின் சூம்பிய காலை மட்டும் பார்த்தார். பார்ப்பது தெரியக்கூடாதென்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

மூன்றாம் நாள் வலது காலைப் பார்த்தார். இரண்டு காலின் பாரத்தை அது ஒன்றே சுமந்து, மரத்தின் வேர்போலத் தரையைக் கவ்விப் பிடித்திருந்தது. அடுத்து இடுப்பைப் பார்த்தார். ஒவ்வொரு எட்டுக்கும் அது ஒரு பக்கம் தூக்கி, தோள் மறுபக்கம் தாழ்ந்து, கழுத்து மட்டும் ஆடாமல் நின்றது. உலையிலிருந்து பட்டடைக்கு மூன்றே எட்டு. குறட்டில் பிடித்த இரும்பு அந்த மூன்று எட்டிலும் ஒரு விரற்கடைகூட அசையாது.

மோலோன் சாய்ந்து சாய்ந்தே பட்டடையின் அடிக்கட்டையில் இடுப்பு பதிகிற அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது.

ஐந்தாம் நாள் தெலேஸ் கரித்துண்டை எடுத்துச் சுவரில் கோடு போட்டார். எட்டாம் நாள் சுவரில் இடமில்லை.

"ஆசானே, இன்னொரு தடவை நடந்து காட்டுங்களேன்."

"தண்ணீருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்."

பன்னிரண்டாம் நாள் காலையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். உப்புக்காற்றில் உதடு வெடித்திருந்தது. கையில் ஒரு துணிமூட்டை.

தெலேஸ் துருத்தியை விட்டுவிட்டு எழுந்தார். "தியானோ!"

அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு மோலோனைக் கேட்டாள்.

"இவர் இங்கே என்ன செய்கிறார்?"

"காற்றடிக்கிறார்."

"எத்தனை நாளாக?"

"பன்னிரண்டு."

அவள் மூட்டையைத் தரையில் வைத்தாள்.

"ஏழு துறைமுகத்தில் விசாரித்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. "எங்கெல்லாம் பிணம் ஒதுங்கியதோ அங்கெல்லாம் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று பேரைப் புரட்டிப் பார்த்தேன். மூன்றாவது ஆள் உங்கள் உயரம். மீன் தின்ற முகம். விரலைப் பார்த்துத்தான் நீங்கள் இல்லையென்று தெரிந்தது."

தெலேஸ் வாயைத் திறந்தார். சிறகு செய்தவன் கதையையும் பாடகன் கதையையும் ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"நான் ஒரு காயத்தைத் தேடி..."

"கிடைத்ததா?" என்று கேட்டாள் தியானோ.

அவள் வெளியே போய்ச் சுவரோரம் வெயிலில் உட்கார்ந்தாள். கஞ்சி தீய்ந்ததற்குச் சிரிக்கிறவளின் முகம் அங்கே இல்லை. தெலேஸ் வாசல்வரை போனார். திரும்பி வந்தார்.

மோலோன் ஓர் உளியின் முனையைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஆசானே, உங்கள் தேவனை எறிந்தாளே தாய், அவள் பிறகு என்ன ஆனாள்?"

"அவர் அவளுக்கு ஒரு பொன் ஆசனம் செய்து அனுப்பினார். ஆசையாய்ப் போய் உட்கார்ந்தாள். கண்ணுக்குத் தெரியாத விலங்கு பூட்டிக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை."

"அப்புறம்?"

"தேவர்கள் எல்லாரும் இழுத்துப் பார்த்தார்கள். நடக்கவில்லை. கடைசியில் அவரே போய் அவிழ்த்துவிட்டார்."

"எறிந்தவளை ஏன் அவிழ்த்துவிட்டார்?"

"அவரைக் குடிக்கவைத்துக் கூட்டிப்போனார்கள் என்று மற்ற ஊர்களில் சொல்வார்கள்."

"இங்கே?"

"இங்கே கொல்லர்கள் அல்லவா இருக்கிறோம். பூட்டைச் செய்தவர் அவர். வேறு யாருக்குத் திறக்கத் தெரியும் என்று சொல்வோம்."

தெலேஸ் கையில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வெளியே போனார். தியானோவுக்குப் பக்கத்தில், தரையில், சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற சொல் நாக்குவரை வந்தது. அது ரொம்பச் சின்னதாக இருந்தது.

"அந்த மூன்றாவது ஆள்" என்றார். "அவர் யாரென்று தெரிந்ததா?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியவில்லை" என்றாள். "யாரும் வரவில்லை. நானே புதைத்தேன்."

"நீ ஒருத்தியாகவா?"

அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எந்தத் துறைமுகம், என்ன காற்று, எந்தப் படகுக்காரன் ஏற்ற மாட்டேன் என்றான், மண் எவ்வளவு இறுகியிருந்தது. அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் சுவரைவிட்டு இறங்கும்வரை கேட்டார். கேட்கக் கேட்க அவர் கைவிரல்கள் மடங்கிப் போயின. அதை அவர் கவனிக்கவில்லை.

உள்ளே மோலோன் தானே துருத்தியை அழுத்திக்கொண்டு வேலையை முடித்தார்.

மறுநாள் மூன்றாவது கல்லைத் துறைமுகத்திலிருந்து உருட்டி வந்தார்கள். தியானோ ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. தங்குகிறேன் என்றும் சொல்லவில்லை. கல்தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்தாள். பல நாள் அவரோடு பேசாமலே தெளித்தாள். ஒரு நாள், "இந்தத் தோள் இன்னும் இறங்க வேண்டாமா?" என்று கேட்டாள். தெலேஸ் பார்த்தார். இறங்கத்தான் வேண்டும். இறக்கினார்.

மூன்று மாதம் ஆயிற்று.

திருவிழாவுக்கு முதல் நாள் சிலையைக் கயிறு கட்டி இழுத்துக் கோவிலுக்குள் நிறுத்தினார்கள். பீடம் வேண்டாம், தரையிலேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார் தெலேஸ். தியானோ சிலையைப் போர்த்தியிருந்த ஈரத்துணியை உருவினாள்.

தேவன் உலையைவிட்டுப் பட்டடைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆடை முழங்காலுக்கு மேலே செருகியிருந்தது. எடுத்துவைத்த எட்டு பாதியில் நின்றது. இடது கால் இன்னும் தரைக்கு வரவில்லை. வலது கால் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்தது. கையில் குறடு.

கொல்லர்கள் இருபது பேர் நின்றார்கள். இந்தத் தடவை யாரும் அழகாய் இருக்கிறது என்று சொல்லவில்லை. யாரும் எதுவுமே சொல்லவில்லை.

தெலேஸ் தியானோவைப் பார்த்தார். அவள் கொல்லர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆசானே" என்றார். "ஒன்றும் சொல்லாமல் இருக்கிறீர்களே."

மோலோன் முன்னால் வந்தார். அவர் சிலையின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். இழுத்துவந்த கயிறு சிலையின் காலுக்கு முன்னால் சுருண்டு கிடந்தது.

சிலையின் முன்கையைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்தார். கயிற்றை வாரி எடுத்து ஓரமாக எறிந்தார்.

"நடக்கிற வழியில் யார் இதைப் போட்டது?" என்று கொல்லர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். "தடுக்கிவிடப் போகிறார்."